பதினைந்தாவது பாயின்ட்

கடைசி செட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று நின்றபோது அக்கா தன் பிடரியில் பளாரென்று அடித்தாள். எதிர்ப்பக்கம் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் கண்ணில் அது பட்டுவிட்டது. அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். உதறினாள். மஞ்சளும் கறுப்புமாக ஒன்று கோட்டுக்கு வெளியே விழுந்தது.

குளவி.

அவன் கை தானாக இடுப்புப் பைக்குப் போயிற்று. பேனா மாதிரியான இரண்டு ஊசிகளும் இருந்தன. வலைக்கு அப்பாலிருந்து அக்காவும் அவனைத்தான் பார்த்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு. ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள். இரு, ஒரே நிமிஷம்.

சட்டை தைக்கும் ஆலையில் அவள் பட்டன் பிரிவுக்குச் சூப்பர்வைசர். ஆலையின் பெண்கள் வாலிபால் அணிக்குக் கோச். பத்து வருஷத்துக்கு முன்னால் முட்டிவலிக்கு ஒரு மாத்திரை போட்டவள் கால்மணி நேரத்தில் துணி வெட்டும் மேஜை மீதே மயங்கி விழுந்தாள். பயம் என்றார்கள், மனசு என்றார்கள், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் வைத்தியமே சொன்னார். கடைசியில் ஒரு டாக்டர்தான் அவள் தொடையிலிருந்த பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதித்தார். உடம்பைக் காக்கிற மாஸ்ட் செல்கள் அவளுக்கு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. "எனக்குள்ள வாட்ச்மேனுங்க ஜாஸ்தி. கதவத் தட்டுனா போதும், சுட்டுடுவானுங்க" என்று அவள் ஆலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். குளவி, தேனீ விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது என்று சொல்லி, கொட்டினால் உடனே போட அந்த ஊசிகளை எழுதிக் கொடுத்தார் டாக்டர். இந்த ஆட்டம்வரை ஒன்றும் அவளைக் கொட்டியதில்லை. ஆனாலும் ஒரு ஆட்டம் விடாமல் தம்பி எலெக்ட்ரிக் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவான். அணியில் அவனுக்குப் பெயரே பை அண்ணன்.

பெஞ்சிலிருந்து இறங்க ஒரு காலைத் தரையில் வைத்தான். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

எதிரே பிஸ்கட் ஆலை. ஏழு வருஷமாக ஒரு முறைகூட அவர்களை ஜெயித்ததில்லை. இந்த முறை முதல் இரண்டு செட் போயிற்று. அக்கா எல்லாரையும் கூட்டி வைத்து என்ன சொன்னாளோ தெரியாது, அடுத்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றி ஆலையே நின்றது. நூல்கண்டு டப்பாக்களைத் தட்டித் தட்டி யாருக்கும் காது கேட்கவில்லை. குட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெண் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஏணி என்று பெயர் வாங்கிய நெட்டைப் பெண் எழும்பி அடித்தாள். பிஸ்கட்காரிகள் மூன்று பேர் ஒரே நேரத்தில் விழுந்தும் பந்து தரையைத் தொட்டுவிட்டது.

பதினாலு.

போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அக்கா கழுத்தைச் சொறிந்தாள். காது சிவந்திருந்தது. கத்திக் கத்திச் சிவந்திருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. ஒரு கால் பெஞ்சிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றான். ஒரே ஒரு பாயின்ட். அது அவளைப் போலவே அவனுக்கும் வேண்டியிருந்தது.

பந்து எட்டு முறை வலையைத் தாண்டிற்று. ஒவ்வொரு முறையும் கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. ஒன்பதாவது முறை கேப்டன் விழுந்து புரண்டு ஒரு கையால் அதைத் தட்டிவிட்டாள். பந்து வலையின் விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் சரிந்தது.

அப்புறம் எழுந்த சத்தத்தில் தான் என்ன கத்தினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கத்திக்கொண்டேதான் ஓடினான். கூட்டம் கோட்டுக்குள் பாய்ந்துவிட்டது. தோள்களை இடித்து, வலைக்குக் கீழே குனிந்து போய்ப் பார்த்தால் ஆறு பேரும் அக்காவைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்கள்.

"இன்னும் மேல தூக்குங்கடி" என்றாள் அக்கா.

தூக்கினார்கள். சிவந்திருந்த அவள் முகம் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத் துணியாக வெளுத்தது.

"எறக்குங்க. கீழ படுக்க வைங்க. படுக்க வைங்கடி" என்று தம்பி கத்தினான்.

தொடையில், கால்சட்டைக்கு மேலேயே, ஊசியை அழுத்தி மூன்று எண்ணினான். கேப்டன் அவள் கால்களைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஜெயிச்சிட்டோமாடா?"

"ஜெயிச்சிட்டீங்க."

"பிஸ்கட்காரி மூஞ்சியப் பாத்தியா?"

"அப்புறம் பாக்கலாம். பேசாம இரு."

"கொஞ்சம் தூக்கி விடு. நான் பாக்கணும்."

"மாட்டேன்."

"சண்டாளா" என்றாள் சிரித்துக்கொண்டே. ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டபோது அவள் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் இதயம் நின்றது. ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் முக்கால் மணி நேரம் போராடிப் பார்த்தார்கள்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். தம்பிக்குப் பக்கத்தில் கேப்டன் நின்றிருந்தாள். முழங்கையில் மண்ணும் ரத்தமும் அப்படியே காய்ந்திருந்தது. மற்ற ஐந்து பேரும் சுவரோரம். ஏணிக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

"கொட்டினது எத்தனை மணிக்கு?"

"நாலு நாப்பது."

"ஊசி?"

"நாலு நாப்பத்திரண்டு. மூணுகூட ஆயிருக்கும்."

"அந்த நேரத்துல படுத்திருந்தாங்களா, நின்னுட்டு இருந்தாங்களா? ரத்த அழுத்தம் அப்படியே இறங்கும்போது உடம்பு நிமிர்ந்து இருந்தா இதயத்துக்கு ரத்தம் போய்ச் சேராது. அதுக்காகக் கேக்கறேன்."

கேப்டனின் மூச்சு நின்றது அவனுக்குக் கேட்டது.

"நின்னுட்டு இருந்தா" என்றான். "கொட்டினத நான் பாத்தேன் டாக்டர். போயிருக்கணும். ரெண்டு பாயின்ட் பாத்துட்டு நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஓடிப்போய்ப் படுக்க வெச்சோம்."

டாக்டரம்மாவின் பேனா தாளின் மேல் அசையாமல் நின்றது. பிறகு எழுதினார்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி போட்டிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. பொழச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. இந்த நோய் இருக்கறவங்களுக்குக் குளவி கொட்டினா உடனே ஊசி போட்டும் சில பேரு போயிடறாங்க." படிவத்தை நீட்டி, "கையெழுத்து இங்க" என்றார்.

அவர் போன பிறகு கேப்டன் பேச வாயெடுத்தாள். கத்தித் தீர்த்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை வார்த்தை வந்தது.

"அண்ணே. நாங்க தூக்கினத ஏன் சொல்லல?"

அவன் காலியான பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"மேல தூக்குங்கடின்னு சொன்னாளே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அவ்ளோ சந்தோஷமான குரல்ல அவ பேசி நான் கேட்டதே இல்ல."

கேப்டன் தலையை ஆட்டினாள். குட்டை எங்கிருந்தோ ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஏணியிடம் கொடுத்தாள். ஏணி பாதியைக் குடித்துவிட்டு அடுத்தவளிடம் நீட்டினாள்.

கீழே போய் அலுவலகத்தில் ஏதோ தாள் வாங்க வேண்டியிருந்தது. ஏழு பேரும் லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு தள்ளுவண்டியும் இரண்டு பேரும் இருந்தார்கள். எடை அதிகம் என்று மணி அடித்தது. ஒருத்தர் இறங்கினால் போதும். யாரும் இறங்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கேப்டன் வெளியே கால் வைத்ததும் ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள்.

படிக்கட்டில் ரப்பர் ஷூக்கள் கிறீச்சிட்டன. குட்டை பழக்க தோஷத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி முன்னால் போய்விட்டாள். முதல் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.