விலை சொல்லும் எண்

ஜெனிலா முதலீட்டு ஒப்பந்தத்தாளைக் கையெழுத்துப் போடாமலே கிளீட்டஸிடம் நகர்த்தி வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? எங்களையும் வித்துருவியளா?"

குளச்சல் மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே, மாடியில் அவளுடைய அலுவலகம். இரண்டு பெண்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் மீன் என்ன விலைக்குப் போகிறதென்று போனில் கேட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிடித்த மீனை எங்கே கொண்டுபோய் இறக்கலாம் என்று வள்ளக்காரர்கள் கடலிலிருந்தே அழைத்துக் கேட்பார்கள். இதே தொழிலை இதே ஊரில் 2006இல் தொடங்கியவன் கிளீட்டஸ். ஜெனிலா அப்போது அவனிடம் வேலை பார்த்தாள். நான்கு வருஷம் கழித்து பெங்களூர் நிறுவனம் ஒன்று அதை வாங்கி, மூன்றே மாதத்தில் மூடியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவன் எழுதிய மென்பொருள் மட்டும். அந்தப் பணத்தில்தான் அவன் முதலீட்டாளன் ஆனான். இந்த ஐந்து வருஷமும் மேடைக்கு மேடை அதை வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லி, அவனும் நம்பிவிட்டிருந்தான்.

"மூடின அன்னைக்கு வள்ளக்காரங்க ஏழெட்டுப் பேரு எனக்க வீட்டுக்கே வந்துட்டாவ. ஏன் மக்களே போன எடுக்கல்லன்னு கேட்டாவ. நீங்க பெங்களூர்ல இருந்திய. நான் என்னத்தச் சொல்லியிருக்கணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பான். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எங்களக் கேக்காம விக்கமாட்டேன்னு ஒரு வரி எழுதித் தாங்க. இப்பமே ஒப்பு போடுதேன்."

"என் கூட இன்னும் நாலு பேர் பணம் போடுறாங்க ஜெனிலா. அவங்களும் சம்மதிக்கணும்."

அந்தப் பேச்சு அவன் காதுக்கே வெளியூர்க்காரனுடையதாகக் கேட்டது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டான். எதை யோசிப்பதென்று படியிறங்கும்போதும் தெரியவில்லை.

ஏலக்கூட வாசலில், பழைய வாடிக்கையாளரான ஏசுஅடிமை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, வெல சொல்லுத கிளீட்டஸ் தானே நீ? எனக்க மவன் வள்ளம் நெறைய சூரை மீனோட வாறான். தேங்காப்பட்டணத்துல என்ன வெல போவுது? சொல்லு மக்கா."

தான் இப்போது விலை சொல்வதில்லை என்று விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். சுவரில் பெரிதாக எழுதியிருந்த ஜெனிலா அலுவலகத்து எண்ணை அழைத்தான். மேலே, சன்னலுக்குப் பின்னால், கணினியிலிருந்து கண்ணெடுக்காமலே ஜெனிலா போனை எடுத்தாள்.

"சொல்லுங்க, எந்த வள்ளம்?"

விலைக்காக ஏசுஅடிமை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.