உறுதியான சீட்டுக்கு ஒரு பேக்கப்

மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலை மூன்றாவது முறை படித்தபோதும் பிரிஜெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கள் வேறு பதினான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருப்பது தெரியவந்துள்ளது. இன்று மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் வராவிட்டால் உங்கள் இடம் ரத்து."

பதினேழு வயதில் வாங்கிய இடம் அது. நான்கு வருடப் பட்டப்படிப்பு முடிந்ததும் நுழைவுத் தேர்வு இல்லாமல் நேராக மருத்துவக் கல்லூரி. அதற்கு இரண்டே நிபந்தனைகள்: மதிப்பெண் சராசரி நான்குக்கு மூன்றரைக்குக் கீழே இறங்கக்கூடாது, வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கக்கூடாது. முதல் நிபந்தனைக்காக மூன்று வருடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்றே அவள் உயிரை வாங்கியிருந்தது.

சமையலறையில் அவள் அம்மா லொரெய்ன், பல் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றபடியே டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் பேர்ல எங்கயாவது அப்ளை பண்ணினியா?"

டோஸ்ட் பாதியில் நின்றது. "சும்மா ஒரு பேக்கப்புக்குடி. ஊரே பேக்கப் வச்சிருக்கு. எங்க க்ளினிக்ல வேலை பாக்குற டோனாவோட பையன் இருபது காலேஜுக்குப் போட்டிருக்கான்."

"டோனா பையனுக்கு சீட் கிடையாதும்மா! எனக்கு இருக்கு! வேற எங்கயும் போடக்கூடாதுங்கிறதுதானே ஒப்பந்தமே? நீயும் அதுல கையெழுத்துப் போட்டியே!"

"ரகசியமா இருக்கும்னு நெனச்சேன்."

"பதினாலு காலேஜுக்கு அனுப்பிட்டு ரகசியமாம்! ஏன் டாக்டராகணும்னு விண்ணப்பத்துல கட்டுரை கேப்பாங்களே, அதை யாரு எழுதினது?"

"நான்தான். நல்லாத்தான் வந்திருக்கு."

இந்த அம்மாவை என்னதான் செய்வது? பூட்டிய கதவுக்குக் காவல் வைக்கிறேன் என்று கதவையே பெயர்த்தெடுக்கிற ஆள். பிரிஜெட் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போன் போட்டாள்.

சேர்க்கை அலுவலகத்தில் திருமதி ஹேவர்காம்ப் எடுத்தாள். கதையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "வருஷத்துக்கு ஒரு அம்மாவாவது இப்படிப் பண்றாங்க. எல்லாத்தையும் இப்பவே வாபஸ் வாங்கிடு. அம்மாகிட்ட ஒரு கடிதம் வாங்கு. அவங்கதான் அனுப்பினாங்க, உனக்குத் தெரியாது, எதுக்காக அனுப்பினாங்க, எல்லாம் அதுல இருக்கணும். கமிட்டி ஒத்துக்கிட்டா சீட் தப்பிக்கும்."

லொரெய்ன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வரி மளமளவென்று வந்தது. பிறகு நின்றுவிட்டது. பதினான்கையும் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கி முடித்து பிரிஜெட் நிமிர்ந்தபோதும் பேனா அதே இடத்தில்தான் இருந்தது.

"ஏன்னு எழுதும்மா! எம்மேல நம்பிக்கை இல்லன்னு எழுது, முடிஞ்சுது."

"அது பொய்யி."

"அப்ப உண்மையை எழுதித் தொலை."

லொரெய்ன் எழுதினாள். தாளை மகள் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் மகள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உறுதி என்ற சொல்லின் மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. என் கணவர் பிழைப்பார் என்று ஐந்து மருத்துவர்கள் எனக்கு உறுதி சொன்னார்கள்."

அப்பா போனபோது பிரிஜெட்டுக்குப் பத்து வயது. ஐந்து பேர் சொன்ன கதையை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருத்துவர்களின் கமிட்டிக்கு இந்த வரி போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினாள்.

நாலரைக்குப் பதில் வந்தது. இடம் தொடர்கிறது.

லொரெய்ன் அதை மூக்குக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை படித்தாள். "இனிமே மாத்த மாட்டாங்கல்ல? உறுதிதானே?"

பிரிஜெட்டுக்கு மறுபடி சுர்ரென்றது. உறுதிதான் என்று கத்த வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லம்மா. மார்க் இறங்கினா போயிடும். இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எதுவும் உறுதி இல்ல."

லொரெய்ன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்படிச் சொல்லு," என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இல்லாத நிம்மதி அப்போதுதான் வந்தது.