திறந்தவனும் திறக்காதவனும்

முப்பத்தெட்டு வருஷம் நான் அடுத்தவர் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன். திருட்டுத்தனமாக அல்ல, அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். தபால் துறையில் போய்ச் சேராத கடிதங்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. வாங்குபவர் வீடு மாறியிருப்பார், முகவரி மழையில் கரைந்திருக்கும், அனுப்பியவர் தன் விலாசத்தை எழுத மறந்திருப்பார். அப்படிப்பட்ட உறையைப் பிரித்து, உள்ளே ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்று பார்த்து, யாரிடமாவது கொண்டு சேர்க்க வேண்டும். குறைத்துச் சொன்னாலும் நாற்பது லட்சம் உறைகள் பிரித்திருப்பேன். என் மனைவி நாற்பதாயிரம் என்பாள். பக்கத்தில் நின்று எண்ணினாளா அவள்?

அவள் நின்றது வேறு இடத்தில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம். காதில் விழுந்ததையெல்லாம் இப்போது "லைனில் இருங்கள்" என்று புத்தகமாக எழுதியிருக்கிறாள். நாற்பத்தொரு அத்தியாயம். இரண்டாவது அத்தியாயத்தை அவள் வாசித்துக் காட்டியபோது நான் குறட்டை விட்டேன் என்பது அவள் கட்சி. ஆழ்ந்து யோசித்தேன் என்பது என் கட்சி. அன்றிலிருந்து எனக்குக் காட்டுவதில்லை. வாரம் ஒரு அத்தியாயம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் தம்பிக்கு ஈமெயிலில் அனுப்புவாள். திங்கட்கிழமை தவறாமல் பதில் வந்துவிடும்: "அருமை அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது." அதை எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பாள்.

புத்தகம் முடிந்தது. சனிக்கிழமை காலைக்குள் முழுக் கோப்பும் கைக்கு வராவிட்டால் அடுத்த வருஷம்தான் அச்சு என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் பார்த்து அவள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வாசலில் நின்று சொன்னாள்:

"நான் வெள்ளிக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல எதையும் திறக்காதீங்க."

"ஜன்னலையாவது திறந்துக்கலாமா?"

"சிரிக்காதீங்க. என் ஒரு வருஷ உழைப்பு அதுக்குள்ள இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், செவ்வாய்க்கிழமை முழுக்க நான் எதையும் திறக்கவில்லை. அது ஒரு சாதனை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஈமெயில் வந்தது. "உங்கள் பெயருக்கு வந்த பார்சல், முகவரி தெளிவில்லாததால் எங்களிடம் தேங்கிக் கிடக்கிறது. விவரம் இணைப்பில்."

நீங்களே சொல்லுங்கள். வேறு எவனுக்கு எந்த வலை விரித்தாலும், எனக்கென்று இதைவிடப் பொருத்தமாக ஒன்று விரிக்க முடியுமா? முகவரி தெளிவில்லாத பார்சல்! எங்கோ ஒரு பிரிவில், என்னைப்போல ஒரு அப்பாவி, மேஜையில் பார்சலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறான். என் கண் கலங்கியது. கை அரித்தது. இணைப்பின் பெயருக்கு இரண்டு வால் இருந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன்: பிடிஎஃப் என்று ஒரு வால், அதன் பின்னால் இஎக்ஸ்இ என்று இன்னொன்று. ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் கூடுதல் பத்திரம் என்று நினைத்துத் தட்டினேன்.

திரை ஒரு தடவை இருமியது. பிறகு சிவப்பாகிவிட்டது. நடுவில் பானை அளவுக்கு ஒரு பூட்டு. அதன் கீழே, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டதாகவும், பணம் கட்டினால் சாவி தருவதாகவும், மூன்று நாளில் கட்டாவிட்டால் சாவியை அழித்துவிடுவதாகவும் வெகு மரியாதையாக எழுதியிருந்தான். அவள் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்த பென் டிரைவும் அதே கம்ப்யூட்டரின் இடுப்பில் செருகியபடிதான் இருந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை.

தெருமுனை கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவைக் கூட்டிவந்தேன். முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். இரண்டாவதாக என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எதிர்பார்க்காத இணைப்பை ஏன் சார் திறந்தீங்க?"

"பழக்கதோஷம்மா."

"பணம் கட்டினாலும் அவன் சாவி தருவாங்கறது நிச்சயம் இல்ல. எல்லாத்தையும் துடைச்சுட்டு மிஷினைப் புதுசா பண்ணித் தர்றேன். ஆனா உள்ள இருந்தது போனதுதான். வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

இருந்தது. அவள் மெயிலின் கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும்; அதை விட்டால் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில் இருந்தது. என் மச்சினனின் மெயில் பெட்டியில்.

மச்சினனும் நானும் பேசி மூன்று வருஷம். அவன் தீத்தடுப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் வீட்டுக்குப் போனாலும் வெளியேறும் வழிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான். என் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக்கில் அறுபது மெழுகுவத்தி ஏற்றினோம். நான் ஊதுவதற்கு மூச்சை இழுத்தேன்; அதற்குள் அவன் சுவரிலிருந்த தீயணைப்பானைக் கழற்றிக் கேக்கை அணைத்துவிட்டான். கேக்கோடு என்னையும். ஒரு வாரம் என் காதிலிருந்து நுரை வந்தது. மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா திரைச்சீலை பிடிச்சிருக்கும்" என்றான்.

இருந்தாலும் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு மத்தியானமே போய் அவன் வீட்டு மணியை அடித்தேன். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் அகலம் திறந்தது. ஒரு கண் தெரிந்தது.

"யாரு?"

"நான்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"மச்சான், உன் அத்தான்டா!"

"பார்க்க அத்தான் மாதிரிதான் இருக்கு." கண் கீழே இறங்கியது. "பையில என்ன?"

"பிஸ்கட்."

"நான் கேட்கலையே. மூணு வருஷம் பேசாத ஆளு, திடீர்னு பொட்டலத்தோட வர்றீங்க. எதிர்பார்க்காம எது வந்தாலும், அனுப்பினவங்ககிட்ட வேற வழியில விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடணும். இருங்க, அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

"ஐயோ, அவளுக்கு மட்டும் போடாதே!"

போனைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அந்த ஒற்றைக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அறுபது மெழுகுவத்தி தோற்றுப்போகும்.

"என்னத்தைத் திறந்தீங்க?" என்றான்.

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. பார்சல், இரண்டு வால், சிவப்புப் பூட்டு, சனிக்கிழமை என்று எல்லாவற்றையும் கதவிடுக்கு வழியாகவே கொட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் சங்கிலி தானாகக் கழன்றது.

"வாங்க அத்தான், உட்காருங்க. நாப்பத்தொண்ணும் பத்திரமா இருக்கு. நான் உங்களை மாதிரி இல்ல."

மெயில் பெட்டியைத் திறந்து காட்டினான். ஓரத்தில் "சீல்" என்று ஒரு தனி அறை. இணைப்போடு வரும் எந்த மெயிலும் நேராக அந்த அறைக்குப் போய்விடுமாம். அதில் என் மனைவி அனுப்பிய நாற்பத்தொரு மெயிலும் வரிசையாக நின்றன. நாற்பத்தொன்றும் கொட்டை எழுத்தில்.

எனக்குக் கடிதங்களைத் தெரியும். பிரித்தது எது, பிரிக்காதது எது என்று தூரத்திலிருந்தே சொல்வேன்.

"மச்சான்," என்றேன் மெதுவாக, "கொட்டை எழுத்துன்னா இன்னும் பிரிக்கலைன்னு அர்த்தம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணையாவது படிச்சியா?"

"இணைப்பா வருது அத்தான்..."

"உங்க அக்காடா!"

"அக்கா பேர்ல வேற யாராவது அனுப்பியிருந்தா?"

"அப்ப வாராவாரம் கண்ணுல தண்ணி வந்ததே?"

"அது... திங்கட்கிழமை காலையில அலாரம் அடிக்கும். அடிச்சதும் அனுப்பிடுவேன்."

இப்போது யார் சிரித்தது என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமலே ஒரு உடன்பாடு ஏற்பட்டது: நான் திறந்ததை அவன் சொல்லமாட்டான், அவன் திறக்காததை நான் சொல்லமாட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் கொண்டுவந்த பிஸ்கட்டை நான் தின்றேன். நான் வாங்கிப்போன பிஸ்கட்தான்.

அடுத்தது, நாற்பத்தொன்றையும் அவன் திறக்கவேண்டும். பச்சைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவது இதைவிடச் சுலபம். அனுப்பியவள் விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தான். கோப்புக்கு ஒரே வால்தானா என்று பார்த்தான். ஒவ்வொன்றையும் வைரஸ் சோதிப்பானுக்குக் கொடுத்து, அது பச்சைக்கொடி காட்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டான். ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு வரி தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரே ஆள் இரண்டு வீட்டுக்கு மாறிமாறிப் போன் செய்து, ஒரே பொய்யை இரண்டு குரலில் சொன்ன கதை. அப்புறம் நாங்கள் சோதிப்பதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தோம். அடடா, என்னமாய் எழுதியிருந்தாள்! நான் எதற்குக் குறட்டை விட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இருபத்துமூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில் மச்சினன் உறைந்துபோனான். அங்கே தனியாக ஒரு பத்தி இருந்தது:

"தம்பி, நீ உண்மையிலேயே படிக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம். படித்தால் உடனே போன் செய்து 'நாற்காலி' என்று ஒரு வார்த்தை சொல். பிறகு இந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன்."

அதற்கு அவன் அனுப்பிய பதிலைத் தேடிப் பார்த்தோம். "அருமை அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது."

"பதினெட்டு வாரமா அக்காவுக்குத் தெரியும்," என்றான். "ஒரு வார்த்தை கேட்கல பாருங்க. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சொன்னா, இன்னிக்கு ஏன் திறந்தேன்னு கேப்பா. நான் மாட்டுவேன்."

போனைக் கீழே வைத்தான். ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வந்தபோது, கடைக்காரம்மா துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் நாற்பத்தொரு அத்தியாயமும் அட்டகாசமாக உட்கார்ந்திருந்தன. தடயமே கிடையாது. உளவுத்துறையே வந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப்போயிருக்கும். நான் வாக்குத் தவறுகிறேனா என்று கண்காணிக்க மச்சினனும் வந்து உட்கார்ந்திருந்தான். அங்கேதான் கோட்டை விட்டோம்.

"என்னடா இது, ரெண்டு பேரும் ஒரே சோபாவுல?" என்றாள் பெட்டியைக்கூட வைக்காமல். "யாராவது செத்துட்டாங்களா?"

"சேச்சே, சும்மா பேசிட்டிருந்தோம்," என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள். ஒன்று, இரண்டு என்று பக்கங்கள் ஓடின. எல்லாம் இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது பார்த்து, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடங்காரன் வெடித்தான்:

"நாற்காலி!"

அவள் திரும்பவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பழகிய முதுகு அது.

"எப்பத் திறந்தே?"

"புதன்கிழமை, அக்கா. மன்னிச்சுடு. படிக்காமலே பதில் போட்டுட்டேன். ஆனா இப்ப நாப்பத்தொண்ணும் படிச்சுட்டேன். நெஜமாவே கண்ணுல..."

"தண்ணி கதையை விடு. ஏன் புதன்கிழமை?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் நாற்காலியோடு மெல்லச் சுழன்றாள்.

"இவன் தானா ஒண்ணைத் திறக்கிற ஆள் இல்ல. இவன் திறந்திருக்கான்னா, அதுக்கு முன்னாடி நீங்க எதையோ திறந்திருக்கீங்க."

நாற்பது லட்சம் உறை பிரித்த எனக்கு, என்னையே ஒருத்தி பிரித்துப் படிப்பதை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது.

"பார்சல்னு போட்டிருந்தான்," என்றேன்.

"நமக்கு யாருங்க பார்சல் அனுப்பப்போறா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுந்து அடுத்த ரூமுக்குப் போங்க. எனக்கு வேலை இருக்கு," என்றாள்.

சாயங்காலம் வரை விசைப்பலகை சடசடவென்று பொரிந்தது. ஆறு மணிக்கு என் போனிலும் மச்சினன் போனிலும் ஒரே நேரத்தில் ஈமெயில் மணி அடித்தது. அவள் பெயரில்தான் வந்திருந்தது. "அத்தியாயம் 42: நீங்கள் இரண்டு பேரும்." கீழே ஒரு இணைப்பு.

கை அரித்தது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குப் போன் போட்டேன்.

"எண்ணைச் சொல்லுங்கள்," என்றாள், பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில்.

"நீதான் அனுப்பினியா?"

"நான்தான். திறங்க."

நான் முதல் வரியைக்கூட முடிக்கவில்லை. மச்சினன் யாரையும் கேட்காமல் திறந்து, படித்து, பதிலும் போட்டுவிட்டான். அவள் அதை அங்கிருந்தே உரக்கப் படித்தாள்:

"அக்கா, மூன்றாம் பக்கத்தில் தவறு. நான் அணைத்தது கேக்கை அல்ல, மெழுகுவத்திகளை. தயவுசெய்து திருத்தவும்."

சனிக்கிழமை காலை புத்தகம் பதிப்பகத்துக்குப் போனது. அந்த வரியை அவள் திருத்தவில்லை.