எவாக்ரோஸ் என்ற ஆறு

கல்யாணக் குளியலுக்குத் தண்ணீர் மொள்ளும்போது ஆற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெண்ணைப் பெற்றவள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் மொண்ட தண்ணீரில் குளித்தவளை கிரேக்க மலைநாடான ஆர்காடியாவில் எந்த வீடும் மருமகளாக ஏற்காது.

இரண்டு வருஷம் முன்புவரை அந்த ஆறு கெலாதோஸ். இரைச்சல் போடுகிறவன் என்று பொருள். இன்று பெண்ணைப் பெற்றவளாக நிற்கும் பிலின்னாவின் வாய்க்குப் பழகிய பெயர். இப்போது அது எவாக்ரோஸ். ஊர்த்தலைவரின் மகன் பெயர். வெள்ளத்தில் விழுந்த கிளெயிட்டோவைக் காப்பாற்றக் குதித்தவன் ஆற்றுத் தெய்வமாகவே ஆகிவிட்டான் என்று தலைவர் குறி கேட்டு வந்து சொன்னார். ஆற்றுத் தெய்வங்களுக்கு வைப்பதுபோல் காளைக்கொம்பு வைத்த சிலை ஒன்றையும் கரையில் நட்டார்.

கிளெயிட்டோ பிலின்னாவின் மூத்த மகள். அவள் விழவில்லை. கரையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள். மது ஏறிய எவாக்ரோஸ் பந்தயம் கட்டி வெள்ளத்தில் இறங்கி மூழ்கினான். நீச்சல் தெரிந்த பாவத்துக்கு அவள்தான் குதித்தாள். அவன் அவள் தலைமேல் ஏறினான். இரண்டு பிணமும் ஒன்றாக ஒதுங்கின. மகளின் பின்னலில் இறுகிக் கிடந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் பிலின்னா. பந்தயம் கட்டியவர்கள் தலைவரின் மந்தை மேய்ப்பவர்கள். வாய் திறக்கவில்லை.

இன்று இளையவள் மிர்ரினேவுக்குக் கல்யாணம். வழக்கப்படி பூசாரி அவள் பின்னலை அறுத்து ஆற்றில் விட்டார். அது சுழன்று போவதைப் பிலின்னா பார்க்கவில்லை. குடத்தோடு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"சொல்லும்மா," என்றார் பூசாரி. "பொண்ணைக் காக்க உசிரு விட்ட எவாக்ரோஸேன்னு கூப்பிடு."

"கெலாதோஸ்னு கூப்பிட்டா தண்ணி வராதா, சாமி?"

மாப்பிள்ளையின் தாய் சிரித்தாள். "செத்த பேரைக் கூப்பிட்டா யாரு வருவா, சம்பந்தி? அரைக் குளியலோட நாங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக முடியாது."

பின்னல் போன கழுத்தோடு மிர்ரினே அம்மாவையே பார்த்தாள். நடந்தது அவளுக்கும் தெரியும்.

"சொல்லிடும்மா," என்றாள் மெதுவாக. "அக்காவுக்கு இனிமே என்ன இருக்கு?"

பிலின்னா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல், தடுமாறாமல் சொன்னாள். பிறகு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் மொண்டாள்.

கரையில் சம்பந்தியம்மா பக்கத்திலிருந்தவளிடம் பேசுவது காதில் விழுந்தது. "அந்தப் பையன் செத்ததைப் பத்தி என்னென்னமோ சொன்னீங்களேடி. பெத்தவ வாயாலயே வந்திருச்சு. இனி யாரு மறுப்பா?"

நிறைகுடத்தோடு ஏறக் கஷ்டப்பட்டவளைக் கல்யாணத்துக்கு வந்திருந்த தலைவரே கைகொடுத்துக் கரையேற்றினார். மகனுக்கு இருந்த அதே தடித்த விரல்கள்.