அருவிக்குப் பின்னால் ஒரு கசிவு

அந்தத் தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போனபோது என் கணவர் விடுதி முழுவதற்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார். குழாய் வேலை அவருக்கு. மதியம் கண்ணயர்ந்தவர் தூரத்து அருவியின் இரைச்சலைக் கேட்டு, எங்கோ குழாய் வெடித்துவிட்டதென்று ஓடிப்போய் மெயின் வால்வை மூடிவிட்டார். மாடியிலிருந்து ஒருவர் தலை நிறைய சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா அது? கண்ணு எரியுது!"

வால்வைத் திறந்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு வந்த என் கணவர், "ஆனா பாரு, அந்தச் சத்தம் மட்டும் இன்னும் நிக்கல" என்றார்.

இரண்டாம் முறை போனபோது அவர் இல்லை. அவருடைய தங்கை என்னை அழைத்துப் போனாள். அண்ணனோடு அலைந்து தொழில் கற்றவள். அவர் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவளுக்கும் ஒரு சின்னச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. என் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. "சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று கிளம்பிப் போனவர் வீடு திரும்பவில்லை. அதன்பின் அதை யாரும் தொட நான் விடவில்லை. அது சொட்டும்வரை அவர் வந்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று வீட்டில் இருந்தது.

"எங்கண்ணன் வீட்டுக் குழாயே ஒழுகுதுன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க, அண்ணி."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீ கை வைக்காதே."

காலையில் படகில் போனோம். ஆறு ஓடுவதாகவே தெரியவில்லை. மலைகள்தாம் மெல்ல நகர்ந்து எங்களுக்கு வழிவிட்டன. பனிமூட்டம் துடுப்பளவு உயரத்தில் நீர்மேல் படிந்திருந்தது. கையை வெளியே நீட்டினால் விரல்கள் காணாமல் போயின. எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பின்பலகையில் அவர் உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும் என்று நான் திரும்பவில்லை.

படகு எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து பாறையைக் குடைந்த பாதை ஒன்று அருவிக்குப் பின்னால் போகிறது. உள்ளே நின்றால் முன்னால் முழுக்க வெள்ளைத் திரை. வெயில் அதன் வழியாகப் பால்போல் கசிந்து வரும். அவ்வளவு பெரிய இரைச்சலுக்குள் நான் வேறொன்றைத் தேடினேன். பின்சுவரில், பாசி படிந்த ஒரு வெடிப்பில், நீர் சொட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை வந்தபோது அவர் அங்கே நின்று செய்த காரியம் எனக்கு மட்டுமே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

வெடிப்பு அங்கேயே இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் ஸ்பேனர் அதைப் பார்த்துவிட்டாள். கைப்பையை என்னிடம் தந்தாள். கட்டைவிரலை வெடிப்பின்மேல் வைத்து அழுத்தினாள். சொட்டு நின்றது. கொஞ்சம் தள்ளி, இன்னொரு இடத்தில் துளிர்த்தது.

"பாத்தீங்களா? இங்க அடைச்சா அங்க வரும். இது நம்மால ஆகாது."

அதே விரல், அதே தலைசாய்ப்பு, அதே வார்த்தைகள். நான் சிரித்தேன். மூக்குக்கண்ணாடி நனைந்து எல்லாம் மங்கியது. அருவியின் சாரல் என்று அவள் நினைத்திருக்கலாம்.

"என்ன அண்ணி?"

"உங்கண்ணனும் இப்படித்தான் அழுத்திப் பாத்தாரு. இதையேதான் சொன்னாரு."

அவள் விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக எடுத்து, ஈரத்தை என் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பனி விலகியிருந்தது. மலை மலையாக இருந்தது, பின்பலகை காலியாக இருந்தது. பாதி ஆறு கடந்தபின் கேட்டேன்.

"வாஷர் மட்டும் மாத்தினா போதுமா?"

அவளுக்கு எதைப் பற்றி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போதும். குழாய் அண்ணன் போட்டதுதானே, அது அப்படியே இருக்கட்டும்."

"சரி, பாத்துடு. ஆனா மெயினை மூடறதுக்கு முன்னாடி மாடியில யாராவது குளிக்கிறாங்களான்னு கேட்டுக்கோ."