மூன்று சாமி, ஒரே பொய்

அங்கமுத்துவின் கிணறு மாசி மாதமே வறண்டுவிட்டது. அன்றும் விடியுமுன் எருதுகளை ஓட்டிக்கொண்டு போய், பண்ணையார் அருணகிரியின் கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே அந்த ஒரு கிணற்றில்தான் அந்த வருஷம் தண்ணீர் இருந்தது. தண்ணீர்ச் சால் மேலே வரும்போதெல்லாம் அவருடைய பருத்திச் செடிகள் ஒரு வாய் குடித்து உயிர் பிடித்தன.

ஊரார் ‘பண்ணாடி’ என்று அழைக்கும் அருணகிரி வரப்பில் வந்து நின்றார்.

“என்னப்பா அங்கமுத்து, செடி தேறிருச்சாட்ட இருக்குது?”

“எல்லாம் உங்க தண்ணி புண்ணியமுங்க.”

“நாளைக்குத் திருச்செங்கோட்டுக் கோர்ட்டுல உன்னையக் கூப்புடுவாங்க. மணியன் கள்ளக் குடிச்சுப்போட்டுப் பனைமரத்துல ஏறி உழுந்தான். நீ பாத்தே. அவ்வளவுதான்.”

பண்ணாடி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லும்போது கிணற்றைப் பார்த்தார்.

அங்கமுத்து பார்த்தது வேறு. பண்ணையாள் மணியன், ‘வேற ஊருக்குப் பொழைக்கப் போறேனுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அதற்காக அவனைக் களத்துமேட்டுக் கல்தூணில் கட்டிவைத்துப் பண்ணாடியே சாட்டையால் அடித்தார். “தண்ணி, தண்ணி” என்று அவன் கெஞ்சியபோது, ஒரு சொம்புத் தண்ணீரை வரவழைத்து அவன் கண்ணெதிரே மண்ணில் கொட்டினார். பொழுது சாய்வதற்குள் மணியன் செத்துப்போனான். போலீஸ் வருமுன் பிணத்தையும் எரித்துவிட்டார்கள்.

அடி விழும்போது மூன்று பேர் அங்கே நின்றார்கள். ஒருவர் அங்கமுத்து. இன்னொருவர் துணிக்கடை காசிம் ராவுத்தர். மூன்றாமவர் வண்டி செய்யும் தச்சர் சவரிமுத்து. யாரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் மணியனின் மனைவி குப்பாயி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய், இவர்கள் மூவர் பெயரைத்தான் சாட்சியாகச் சொன்னாள். “மூணு பேரும் சாமிக்குப் பயந்தவீங்க, பொய் சொல்ல மாட்டாங்க” என்றாளாம்.

பண்ணாடி மூவரையும் தனித்தனியே பார்த்துவிட்டார். ராவுத்தரின் கடை பண்ணாடி நிலத்தில் இருந்தது. சவரிமுத்துவின் ஆட்கள் மாதா கோயில் கட்ட இடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்துவுக்குத் தண்ணீர்.

கோர்ட்டில் மூவரும் சத்தியம் செய்தார்கள். கூண்டில் நின்ற அங்கமுத்துவுக்கு ஜன்னல் வழியே திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, மணியன் பனையிலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதையே சொன்னார். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு அதையே சொன்னார்.

குப்பாயி எழுந்து அலறினாள். “ஐயோ சாமி, எம் புருசனுக்கு ஒரு காலு சூம்பலுங்க! ஊரே நொண்டி மணியன்னுதானுங்க கூப்புடும்! அந்தக் காலை வெச்சுக்கிட்டு எந்தப் பனையில ஏறுவாரு?”

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கமுத்துவை மறுபடி கூண்டுக்குக் கூப்பிட்டார்.

“செத்தவனுக்குக் கால் ஊனமா?”

பண்ணாடி செருமினார். குப்பாயி இரண்டு கைகளையும் கூப்பி அங்கமுத்துவையே பார்த்தாள். சின்னப் பிள்ளையாய் இருந்த நாளிலிருந்து மணியன் காலை இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்தவர் அவர்.

“இல்லீங்க. கால் நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பண்ணாடி அனுப்பிய வண்டியிலேயே மூவரும் ஊர் திரும்பினார்கள். வழியில் அங்கமுத்து, “மாரியம்மனுக்கு ஒரு கெடா வெட்டிப்போட்டா மனசு சரியாப் போயிருமுங்க” என்றார். “நான் நோன்புல ஏழைங்களுக்குத் துணி எடுத்துக் குடுத்தர்றேன்” என்றார் ராவுத்தர். சவரிமுத்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்வதாக முணுமுணுத்தார்.

மேட்டில் வண்டி மெதுவாக ஏறியது. சாலையோரம் இடுப்பில் பெண்குழந்தையோடு நடந்துபோன குப்பாயி நின்றாள்.

“சத்தியம் பண்றப்ப மூணு பேரும் மூணு சாமியக் கும்புட்டீங்க. பொய் சொல்றப்ப மட்டும் எப்படீங்க ஒண்ணாச் சேந்தீங்க? ஒரு நாயம் சொல்றதுக்கு அப்படிச் சேரக் கூடாதா?”

வண்டிக்காரன் எருதைத் தட்டினான். அங்கமுத்து குதித்து இறங்கினார். “வாங்க, திரும்பிப் போயி உண்மையச் சொல்லிப்போடலாம்” என்றார். ராவுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவரிமுத்து குனிந்த தலை நிமிரவில்லை. வண்டி போய்விட்டது.

அங்கமுத்து ஒருவராகவே திரும்பிப் போய்ச் சொன்னார். அழைத்துக் கேட்டபோது மற்ற இருவரும், “மொதல்ல சொன்னதுதானுங்க நெசம்” என்றார்கள். பண்ணாடியின் தலைமுடிகூட அசையவில்லை. பொய்ச் சத்தியம் செய்ததாகத் தானே ஒப்புக்கொண்ட அங்கமுத்துவை மட்டும் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

வைகாசியில் அவர் மனைவி வள்ளியாத்தாள் பார்க்க வந்தாள். பருத்தி கருகிவிட்டது. எருதுகளை விற்றாயிற்று. குப்பாயியின் குடிசையைப் பண்ணாடி பிரித்துப் போட்டுவிட்டதால் அவள் குழந்தையோடு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். எல்லாவற்றையும் கேட்ட அங்கமுத்து கடைசியில் ஆசையாகக் கேட்டார்.

“போறப்ப அவ என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா புள்ள? நாந்தான் உண்மையச் சொல்லிட்டனே.”

வள்ளியாத்தாள் தயங்கினாள்.

“நம்மூட்டு வாசல்ல நின்னு சொன்னாளுங்க. ‘எந்தச் சாமியும் கெடாயும் கேக்கல, நோன்பும் கேக்கல. எல்லாச் சாமியும் கேக்கறது நாயம் ஒண்ணத்தான். அதை எம் புருசன் அடி வாங்கறப்பச் சொல்லியிருந்தா அவுரு பொழைச்சிருப்பாரு. கோர்ட்டுல சொல்லியிருந்தா அவுரு சாவுக்கு ஒரு மருவாதி கெடைச்சிருக்கும். எல்லாம் முடிஞ்ச பொறவு சொன்னது எனக்காவ இல்ல, உங்கூட்டுக்காரர் மனசு ஆறறதுக்கு’ன்னா.”

அங்கமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளாவது இல்லையென்று சொல்வாள் என்று காத்திருந்தார்.

“அவ சொன்னது நெசந்தானுங்க” என்றாள் வள்ளியாத்தாள்.