தொள்ளாயிரத்துப் பதினான்காம் எண்

டெல்மர் கிரீச் தன் வீட்டு வாசலில் குழாயைத் திறந்துவிட்டு, கரணையிலும், தளம் தேய்க்கிற மணியாசுக் கட்டையிலும் ஒட்டியிருந்த சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் குனிந்தே காங்கிரீட் தேய்க்கிற ஆள். நிமிர வேண்டுமென்றால் முதலில் முட்டியிடம் கேட்க வேண்டும், பிறகு இடுப்பிடம் கேட்க வேண்டும். அதனால் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றபோது அவர் நிமிரவில்லை. பளபளவென்று இரண்டு ஷூக்கள் புல்லில் இறங்கியதை மட்டும் பார்த்தார். அதுவே போதும். அந்த ஊரில் சனிக்கிழமை காலையில் அப்படி ஷூ போடுகிறவன் ஒருத்தன்தான்.

"குட் மார்னிங், மிஸ்டர் கிரீச்."

"புல்லு மேல நிக்காத."

கார்ட்னர் ஃபெல்ப்ஸ் நகர்ந்து நடைபாதைக்கு வந்தான். இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறவன், ஐம்பது வயதைத் தாண்டியவன். கோட்டு மார்பில் சின்னதாக ஒரு தங்க ஊசி குத்தியிருந்தது.

"நடைபாதை மேலயும் நிக்காத. அது நான் போட்டது."

"அப்ப நான் எங்கதான் நிக்கறது?"

"உன் கார்ல. ஓட்டிக்கிட்டே நில்லு."

கார்ட்னர் சிரித்தான். சிரித்தே பாலிசி விற்றுப் பழகிய வாய். "உங்க பையன் கோல்பிகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். அவ்வளவுதான்."

டெல்மர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்ணீர் விசிறியடித்து அந்த ஷூக்களுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. "அடுத்தது ஷூவுக்குள்ள போகும்."

அவன் கோட்டில் இருந்த ஊசி ரோ ஓமிக்ரான் என்ற மாணவர் சகோதர சங்கத்தின் ஊசி; படிக்கிற காலத்தில் அவனும் அதில் உறுப்பினன். வெஸ்கோட் கல்லூரியில் அந்தச் சங்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு கிளை இருந்தது. வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடு, அதில் நாற்பது பையன்கள். புதிதாகச் சேர வருகிறவன் ஏழு வாரம் எடுபிடி வேலை செய்ய வேண்டும். அதன் பிறகு உறுதிமொழி எடுத்தால்தான் அவன் பெயர் ஏட்டில் ஏறும், ஒரு வரிசை எண் கிடைக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் டெல்மரின் மகன் கோல்பி அந்த ஏழு வாரத்தையும் முடித்தான். உறுதிமொழிக்கு முந்தின நாள், அவனுக்குப் 'பெரியண்ணன்' என்று சங்கம் ஒதுக்கியிருந்த ஸ்பென்சர் வால் ஒரு முழு பாட்டில் விஸ்கியைக் கையில் கொடுத்துக் குடித்து முடிக்கச் சொன்னான். முடித்தான். விழுந்தான். அந்த வீட்டில் அதற்கென்று ஒரு கைவைத்தியம் உண்டு. விழுந்தவன் மல்லாந்து கிடந்து வாந்தியில் மூச்சடைத்துப் போய்விடக் கூடாது என்று, புத்தகம் திணித்த பையை முதுகில் கட்டி ஒருக்களித்துப் போட்டுவிடுவார்கள். அப்படியே கட்டிப் போட்டார்கள். அடியில் இடது கை மாட்டிக்கொண்டதை ஒருத்தனும் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தபோது கை ஊதிக் கறுத்திருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் கிளைக்குக் கெட்ட பெயர் வருமே என்று ஏழு பேர் உட்கார்ந்து மேலும் இரண்டு மணி நேரம் யோசித்தார்கள். முழங்கைக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

கல்லூரி கிளையை மூடியது. மூடும்போது உத்தரவில் ஒரு வரி எழுதியது: பாதிக்கப்பட்ட மாணவன் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்திட்டுத் தந்தால் மட்டுமே கிளையைத் திரும்பத் திறப்பது பற்றிப் பேசலாம். அந்த ஒரு வரியை நம்பித்தான் டெல்மர் ஆறு வருஷம் தூங்கினார். இவன் கையெழுத்துப் போடப் போவதில்லை, அவர்கள் வரப் போவதுமில்லை.

அப்போது வலைக்கதவு திறந்தது. கோல்பி கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"கார்ட்னர், உள்ள வாங்க. அப்பா, குழாய மூடு."

'கார்ட்னர்' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதில்தான் டெல்மருக்கு விஷயம் புரிந்தது. இது முதல் சந்திப்பு இல்லை.

சமையலறை மேசையில் கார்ட்னர் ஆட்சேபணை இல்லையென்ற காகிதத்தை விரித்து வைத்தான். கிளையைத் திறப்பது பற்றி வியாழக்கிழமை நாலு மணிக்குக் கல்லூரியில் விசாரணை. இருபத்தெட்டு புதுப்பையன்கள் சேரக் காத்திருக்கிறார்கள். இனி வீட்டில் மது கிடையாது. கோல்பிக்கு விட்டுப்போன ஒரு நாளைச் சங்கம் திருப்பித் தரும். உறுதிமொழி, ஊசி, வரிசை எண் எல்லாம் கிடைக்கும். எண் தொள்ளாயிரத்துப் பதினாலு.

"கைய எடுத்துக்கிட்டு நம்பர் குடுக்கறீங்களா?" என்றார் டெல்மர். "ஜெயில்லகூட நம்பருக்குக் கைய கேக்க மாட்டான்."

"மிஸ்டர் கிரீச், அத செஞ்ச ஏழு பேருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவங்க இப்ப எங்க ஆளுங்களே இல்ல. என் தாய் மேல சத்தியம்."

"உன் தாய விடு. பாவம், அவங்க என்ன பண்ணாங்க?"

கோல்பி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தான். அது நழுவாமல் இருக்கக் காப்பிக் கோப்பையை மேலே வைத்தான். வலது கையால் கையெழுத்துப் போட்டான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கார்ட்னர் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனான்.

"ஏண்டா?" என்றார் டெல்மர்.

"நீ கத்துவ. கத்தி முடி, அப்புறம் சொல்றேன்."

"கத்தல. சொல்லு."

"ஏழு வாரம்பா. அந்த வீட்டுப் படிக்கட்ட பல்லுதேய்க்கற பிரஷ்ஷால தேய்ச்சேன். கழிவறை கழுவினேன். ஒரு நாள் பாக்கி. ஒரே ஒரு நாள். கை போனதும் எல்லாரும் கைய பத்தியே பேசினாங்க. அந்த நாள பத்தி எவனும் கேக்கல."

"அதுக்கு?"

"இந்த ஆறு வருஷத்துல எனக்கு யாரு போன் பண்ணியிருக்கா, சொல்லு. பார்ட்ஸ் கடையில ஷிப்டு மாத்த முதலாளி பண்ணுவார். அம்மா கென்டக்கியிலேர்ந்து கிறிஸ்துமஸுக்குப் பண்ணுவா. நீ பக்கத்து ரூம்லேர்ந்து கத்துவ. கார்ட்னர் செவ்வாய்க்கெழமை செவ்வாய்க்கெழமை கூப்பிடறான்."

"பாலிசி விக்கறவன் அப்படித்தான் கூப்பிடுவான்."

"தெரியும். விக்கறான்னு தெரிஞ்சுதான் எடுத்துப் பேசறேன்." கோல்பி எழுந்து கோப்பையைத் தொட்டியில் போட்டான். அது உடையவில்லை. டெல்மருக்கு அது உடைந்திருந்தால் தேவலை போலிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு குளிர்பதனப் பெட்டியோடு மட்டும் பேசினார்கள். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் டெல்மர் வண்டியை நேராகக் கல்லூரித் தெருவுக்கு விட்டார். வெள்ளைத் தூண் வீட்டின் முன்னால் ஐந்தாறு பையன்கள் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஓடிவந்தான். முகத்தில் இன்னும் பரு.

"ஏதாவது வேணுமா, சார்?"

"வீட்டுக்காரன் யாரு?"

"நாங்கதான் சார். இன்னும் ஆகல. வியாழக்கெழமை ஆயிடுவோம்."

"நான் கோல்பியோட அப்பா."

பையன் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "சார், கோல்பி எங்களுக்கு ஹீரோ சார். அவர் பேர்ல வருஷா வருஷம் ஒரு பாதுகாப்பு நாள் நடத்தப் போறோம். டி-ஷர்ட்கூட அடிச்சாச்சு."

"டி-ஷர்ட்டா?"

"ஆமா சார். உங்களுக்கு என்ன சைஸ்? எக்ஸ்ட்ரா லார்ஜா?"

டெல்மர் அந்த முகத்தில் அயோக்கியத்தனத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பக்கத்தில் திறந்திருந்த பெயிண்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டார். வெள்ளை படியெல்லாம் வழிந்தது. ஒரு பையனும் கோபப்படவில்லை. துணி கொண்டுவந்து, "பரவால்ல சார்" என்று துடைக்கத் தொடங்கினார்கள். வண்டிக்குத் திரும்பி வரும்போது அவர் பூட்ஸும் வெள்ளையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை அறையில் டீன் மார்வா லிண்ட் நடுவில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். ஊர்க்காரர்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். டெல்மர் பெயர் கொடுத்திருந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம். வண்டியில் வரும்போது ஏழு தடவை வாய்விட்டுப் படித்திருந்தார். முதல் வரியிலேயே கார்ட்னரை ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தார். அதை எடுத்துவிடலாமா என்று யோசித்து, எடுக்காமலே வந்திருந்தார். கோல்பி முன்வரிசையில் புதுப்பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை. ஒற்றைக் கையால் டை கட்ட முடியாது. எந்தப் பயலோ கட்டிவிட்டிருக்கிறான். என்னிடம் கேட்டிருக்கலாமே என்று டெல்மர் நினைத்தார். கேட்டிருந்தால் கட்டியிருப்போமா என்றும் நினைத்தார்.

கார்ட்னர் எழுந்தான். இரண்டு பையன்கள் துணி போர்த்திய பெரிய சட்டமொன்றைத் தூக்கிவந்து நிறுத்தினார்கள்.

"எங்க வீட்டுல வருஷத்துக்கு ஒரு படப்பலகை உண்டு" என்றான் கார்ட்னர். "அந்த வருஷத்து பிரதர்ஸ் எல்லாருடைய முகமும் அதுல இருக்கும். கடைசிப் பலகையில ஒரு முகம் விட்டுப்போச்சு. இன்னிக்கு அத சரி பண்ணியிருக்கோம்."

துணியை இழுத்தான். கறுப்புக் கோட்டும் வில் டையும் போட்ட முகங்கள், முட்டை வடிவ வட்டங்களில், வரிசை வரிசையாக. கீழே பெயர், பெயருக்குக் கீழே எண். கடைசியில் கோல்பி. கல்லூரி அடையாள அட்டைப் படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். எண் 914. பையன்கள் கைதட்டினார்கள்.

கோல்பியும் சிரித்துக்கொண்டுதான் எழுந்து பக்கத்தில் போனான். தன் முகத்தைப் பார்த்தான். பிறகு அதற்கு நேர் மேலே இருந்த முகத்தைப் பார்த்தான். பெரியண்ணனுக்குக் கீழே சின்னத்தம்பியை வைப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம், வழக்கப்படிதான் வைத்திருந்தார்கள்.

"இது ஸ்பென்சர் வால்" என்றான் கோல்பி.

கைதட்டல் நின்றது. கோல்பி விரலை வைத்து வைத்து எண்ணினான். ஸ்பென்சரோடு சேர்த்து அந்த ஏழு பேரும் இருந்தார்கள். ஏழு பேருக்கும் எண் இருந்தது.

"கார்ட்னர், இவங்க உங்க ஆளுங்களே இல்லன்னு சொன்னீங்க."

"இல்லதான். அவங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது, கூட்டத்துல கலந்துக்கக்கூடாது. வாழ்நாள் தடை."

"நம்பர் இருக்கே."

"நம்பர் வேற விஷயம், கோல்பி. உறுதிமொழி எடுத்தவன் பேர ஏட்டுலேர்ந்து எடுக்க முடியாது. நூத்திப்பத்து வருஷமா யாரையும் எடுத்ததில்ல."

"எடுத்திருக்கீங்க." கோல்பி குரலை உயர்த்தவே இல்லை. "ஏழு வாரம் அந்தப் பலகைங்கள தொடச்சவன் நான். எல்லாம் மனப்பாடம். எழுபத்தொம்பதாம் வருஷத்துப் பலகையில மூணாவது வரிசையில முகம் கிடையாது. அந்த வட்டத்துல சங்க முத்திரைய ஒட்டியிருக்கு, நம்பர் மேல கோடு போட்டிருக்கு. ஏன்னு கேட்டேன். சந்தா கட்டலன்னு ஸ்பென்சரே சொன்னான்."

கார்ட்னர் டீனைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "சந்தா விஷயத்துக்கு எங்க சட்டத்துல தனி விதி இருக்கு" என்றான்.

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். டீன் லிண்ட் சிரிக்கவில்லை. "மிஸ்டர் ஃபெல்ப்ஸ், இதுக்கு விதி இல்லையா?"

"இது மாதிரி நடந்ததில்லையே, மேடம்."

"இப்ப எடுங்க" என்றான் கோல்பி. "ஏழு வட்டத்துலயும் முத்திரைய ஒட்டுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"அத நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. தலைமையகம் இருக்கு. அந்தப் பசங்களோட குடும்பம் இருக்கு. அவங்கப்பாக்கள்ல மூணு பேர் நம்ம பிரதர்ஸ். நம்ம வீட்டுக்குப் புதுக் கூரைய போட்டதே…" கார்ட்னர் அங்கே நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

டெல்மர் எழுந்தேவிட்டார். "டேய், கூரைக்கு ஒரு கையாடா?"

"அப்பா, உக்காரு."

"என் பேர் இருக்கு. மூணு நிமிஷம் இருக்கு எனக்கு!"

"உக்காருன்னு சொன்னேன்."

அந்தக் குரலை டெல்மர் அதற்கு முன் கேட்டதில்லை. உட்கார்ந்தார். கோல்பி டீனிடம், "என் கையெழுத்த திரும்ப எடுத்துக்கறேன், மேடம்" என்றான். காகிதம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, ஆனால் இப்போது வாயால் சொன்னதையும் பதிந்துகொள்கிறோம் என்றார் டீன். யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றான். குழு பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. கிளைக்கு அனுமதி இல்லை. பருமுகப் பையன் கோல்பியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி. கார்ட்னர் யாரையும் பார்க்கவில்லை. கோப்புகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கோல்பியைத் தாண்டும்போது, "இருபத்தெட்டு பேரு வயித்துல அடிச்சிட்ட" என்றான்.

வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் டெல்மருக்குக் கால் தரையில் பாவவில்லை. முட்டிவலிகூட மறந்துபோயிருந்தது. மகன் முதுகில் ஓங்கித் தட்டினார். "போட்டியேடா ஒரு போடு! அவன் மூஞ்சியப் பாத்தியா? ஈரச் சிமெண்டுல கால விட்டவன் மாதிரி!"

கோல்பி தோளை உதறி அவர் கையைத் தள்ளினான். "சந்தோஷமா?"

"பின்ன?"

"அவங்க அந்த ஏழு பேரையும் எடுத்திருந்தா, நான் இன்னிக்கு உறுதிமொழி எடுத்திருப்பேன். கையெழுத்து அப்படியே இருந்திருக்கும். அது தெரியுமா உனக்கு?"

"தெரிய வேணாம். முடிஞ்சு போச்சு."

"உனக்கு முடிஞ்சுது. நீ ஜெயிச்ச. நான் என்ன ஜெயிச்சேன், சொல்லு."

டெல்மர் கோபத்தில், "போய் அவனுங்க காலையே பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவை அறைந்தார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கசக்கிக் காலடியில் போட்டார்.

எதிரே பையன்கள் படப்பலகையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். வேனின் பின்கதவு நிற்காமல் திரும்பத் திரும்ப வந்து மூடிக்கொண்டது. கை காலியாக இருந்தவன் கோல்பி ஒருத்தன்தான். போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

டெல்மர் ஹாரன் அடித்தார். கோல்பி திரும்பவில்லை. பையன்கள் சட்டத்தைச் சாய்த்து, முனை இடிக்காமல் மெதுவாக உள்ளே தள்ளினார்கள். டெல்மர் மறுபடியும் அடித்தார், நீளமாக. பலகை முழுவதும் உள்ளே போய்ச் சேரும்வரை கோல்பி கதவை விடவில்லை.